உப்புவெளியில் கைப்பிடிக் கம்பி நாலு மாதத்தில் பழுப்பு: 304ஆ, 316ஆ?

உப்புவெளி வீடு: வணக்கம். திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்தால் இரண்டு நிமிடம், அப்படியொரு வீடு. மேல்மாடி விறாந்தைக்குச் சித்திரையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடிக் கம்பி போட்டோம். 304 தரம் என்று சொல்லித்தான் வெல்டிங் பாஸ் காசு வாங்கினார். காந்தம் வைத்தும் காட்டினார், ஒட்டவில்லை. ஆவணிக்குள் தேத்தண்ணி தெறித்தது போலப் புள்ளிகள். அடுத்து வெளிப் படிக்கட்டுக்கும் போட வேண்டும். 316 போடச் சொல்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பழைய வெல்டிங்காரன்: காந்தத்தை நம்பாதீர்கள். 202 என்ற தரத்திலும் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவுச் சரக்கு அது, பார்வைக்கு 304 மாதிரியே மினுங்கும். மறுபக்கம், நல்ல 304 குழாயே வளைத்த இடத்தில் காந்தத்தை லேசாக இழுக்கும். முதலில் ஒன்று சொல்லுங்கள்: புள்ளி எங்கே? ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றியா, எல்லா இடத்திலுமா?

உப்புவெளி வீடு: இப்போதுதான் குனிந்து பார்த்தேன். ஒட்டுகளில் கொஞ்சம். வேடிக்கை என்னவென்றால், கூரைக்கு வெளியே மழை படும் துண்டு பளிச்சென்று இருக்கிறது. கூரைக்குள் இருக்கும் பகுதிதான் மோசம், அதுவும் குழாயின் அடிப்பக்கம்.

பழைய வெல்டிங்காரன்: அதில் வேடிக்கை இல்லை. வெளியே இருப்பதன் உப்பை எப்போதாவது பெய்யும் மழையாவது கழுவுகிறது. கூரைக்குள் அதுவும் இல்லை. நம்மூரில் வாடை மழை வரும்வரை படிந்தபடியே கிடக்கும். உப்பில் உள்ள குளோரைட்டு, குரோமியம் தரும் மெல்லிய காப்புப் படலத்தை ஊசி குத்துவது போல ஓட்டையாக்கும். 304இல் குரோமியம் 18, நிக்கல் 8 வீதம் அளவில். 316இல் கூடவே, அந்த ஓட்டையை எதிர்க்க, மொலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 வீதம். கடற்கரையில் அந்தக் கொஞ்சத்துக்குத்தான் காசு. ஆகவே உங்களுடையது நிஜமான 304ஆகவே இருக்கலாம், பாஸைத் திட்ட அவசரப்படாதீர்கள். ஆனால் ஒட்டுகளில் உள்ள கறைக்கு அவரைக் கேட்கலாம். இரும்புக் கேற் தேய்த்த அதே கிரைண்டர் தகட்டால் தேய்த்திருந்தால் இரும்புத் தூள் ஒட்டித் துருப்பிடிக்கும்.

நிலாவெளி விடுதி: தரைக்கு டைல்ஸ் பதித்த பிறகு ஆசிட் ஊற்றிக் கழுவினார்களா? எங்களுக்கு நடந்தது அதுதான். ஆவி பட்டே கம்பிக் கால்கள் கறுத்தன.

உப்புவெளி வீடு: ஐயோ, கழுவினார்கள். போதாததற்கு நான் கம்பிவலைப் பஞ்சால் வேறு தேய்த்தேன்.

பழைய வெல்டிங்காரன்: சரி, இனி அந்தப் பஞ்சைத் தொடாதீர்கள். மென்மையான துணி, சிட்ரிக் அமிலக் கரைசல், பிறகு நல்ல தண்ணீர். குளோரின் கலந்த திரவம் கூடாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவினால் இருப்பதே காலம் தள்ளும். வெளிப் படிக்கட்டுக்கு 316 போடுங்கள், வீட்டுக்குள் 304 தாராளமாகப் போதும். பில்லில் தரத்தை எழுதி வாங்குங்கள். மொலிப்டினம் பார்க்கும் சோதனைத் திரவம் உண்டு: ஒரு துளி விட்டுச் சின்ன பேட்டரியைத் தொட்டால் நிறம் மாறும். வைத்திருக்கும் கடை என்றால் முன்னாலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

உப்புவெளி வீடு: துடைத்தேன், துணி முழுக்கச் செம்மஞ்சள். முக்கால்வாசி போய்விட்டது; அடிப்பக்கத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் சின்னக் குழிகள் மட்டும் மிச்சம். படிக்கட்டுக்கு 316 சொல்லிவிட்டேன்.

நிலாவெளி விடுதி: அப்புறம், போல்ட்டை மறக்காதீர்கள். குழாய் 316, போல்ட் சாதாரணம் என்றால் அங்கேதான் முதல் துரு. தலையில் ஏ2 என்று பொறித்திருந்தால் 304 இனம், ஏ4 என்றால் 316. ஏ4 கேட்டு வாங்குங்கள்.