பிக்கிள் தண்ணி, சுண்ணாம்புத் தண்ணி: இன்டர்லாக் வேணுமா, குழாயைப் பிரிச்சாப் போதுமா?

லூப்_டியூனர்:
ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் பல டேனரியில (தோல் பதனிடுற ஆலையில) கழிவுத் தண்ணி சேகரிப்புத் தொட்டிக்குத் தண்ணி விடுறது இன்னும் கைவால்வுலதான். தோல்ல முடி எடுக்கிற சுண்ணாம்பு டிரம் தண்ணியில சோடியம் சல்ஃபைடு, பிஎச் 12. தோலை அமிலத்துலயும் உப்புலயும் ஊற வச்ச பிக்கிள் தண்ணி பிஎச் 3. ரெண்டும் சேர்ந்தா ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கிற விஷ வாயு கிளம்பும். பிஎச் 10க்கு மேல அது தண்ணியிலயே கரைஞ்சு கிடக்கும். 7க்கு இறங்கினா பாதி வாயுவா மாறிடும். தொட்டியில பிஎச் அளக்கிற ஒரு புரோப், 9.5க்குக் கீழ போனா பிக்கிள் பம்பு தானா நிக்கணும், அதுதான் இன்டர்லாக். வாயு சென்சார் 10 பிபிஎம்ல (காத்துல பத்து லட்சத்துல 10 பங்கு) அலறணும். சின்ன பிஎல்சியே (கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) போதும்.

பழைய_பிட்டர்:
தம்பி, சுண்ணாம்புத் தண்ணியில புரோப் எத்தனை நாள் தாங்கும்? கண்ணாடிக் குமிழ் மேல வெள்ளையா ஓடு கட்டும். சல்ஃபைடு உள்ள போய், ஒப்பிட்டு அளக்க வச்ச ரெஃபரன்ஸ் வெள்ளிக் கம்பியைக் கறுப்பாக்கும். தொட்டியில பிஎச் 7 இருக்கும், ஸ்கிரீன்ல 11 காட்டும். பச்சை விளக்கு எரியுதுன்னு ஆள் பக்கத்துல நிப்பான். அந்தத் துட்டுல ரெண்டு குழாய், ரெண்டு சம்பு கட்டு. சுண்ணாம்புத் தண்ணியை மாங்கனீசு சல்பேட் போட்டு, காத்தடிச்சு, லெட் அசிடேட் தாள் (சல்ஃபைடு இருந்தா கறுக்கிற சோதனைத் தாள்) கறுக்கிறது நிக்கிற வரைக்கும் வச்சிரு. அப்புறம்தான் மத்த தண்ணியோட சேரணும்.

லூப்_டியூனர்:
குழாயைப் பிரிக்கணும், அதுல சண்டை இல்ல அண்ணே. பிரிச்ச குழாயிலயும் வால்வு மாத்தித் திறப்பாங்களே, அதுக்குத்தான் இன்டர்லாக். ரெட்டை ஜங்ஷன் புரோப் (சல்ஃபைடு சுலபமா உள்ள போகாத ரகம்) ரெண்டு வைங்க, ரெண்டுக்கும் பிஎச் 0.5க்கு மேல வித்தியாசம் வந்தா பம்பு நிக்கட்டும். புரோப் அளவு 4-20 மில்லி ஆம்ப் கரண்டா வரும், அந்தச் சிக்னல் 3.6க்குக் கீழ போனா கம்பி அறுந்ததுன்னு எடுத்து, அப்பவும் நிக்கட்டும். வால்வு ஸ்பிரிங்கால மூடுற ரகம், கரண்ட் போனா தானா மூடிக்கும். வாரம் ஒருதரம் 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல புரோப் மேல படிஞ்ச வெள்ளைப் படிவைக் கரைக்கணும். அதுக்கு முன்னாடி நல்ல தண்ணியில அலசி, திறந்த வெளியில வச்சுச் செய்யணும். இல்லேன்னா புரோப்ல ஒட்டின சல்ஃபைடே அமிலத்துல வாயுவாகும்.

ஷிப்ட்_இன்சார்ஜ்:
ரெண்டு பேரும் மேல் தண்ணியைத்தான் பேசுறீங்க, அடியில இருக்கிற சேறு? மேல பிஎச் 10 காட்டும். அடியில காத்து போகாத சேத்துல கிருமி சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக்கிக்கிட்டே இருக்கும். மண்வெட்டி போட்டுக் கிளறினதும் ஒரேயடியா வெளிய வரும். காத்தை விடக் கனம், தொட்டிக்குள்ளயே தங்கும். அதனால சென்சாரைத் தரையிலிருந்து 30 செ.மீ.ல வைங்க, தலை உயரத்துல இல்ல. 100 பிபிஎம் தாண்டினா மூக்கு மரத்துடும். "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்"னு சொல்றவனைத்தான் முதல்ல பிடிச்சு நிறுத்தணும்.

2015 ஜனவரி 31ல ராணிப்பேட்டை சிப்காட் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துல சேத்துத் தொட்டிச் சுவர் உடைஞ்சு 10 பேர் செத்தாங்க. அங்க பிஎச் இன்டர்லாக் என்ன கிழிச்சிருக்கும்? மட்டம், சுவரோட பலம், தொட்டிக்குப் பக்கத்துல யார் படுக்கிறாங்க, அதெல்லாம் வேற கணக்கு.

பழைய_பிட்டர்:
அப்படிச் சொல்லு. ஸ்பிரிங் வால்வை நான் ஒத்துக்குறேன். ஆனா நைட் ஷிப்ட்ல மூணு தடவை டிரிப் ஆகி பம்பு நின்னுச்சுன்னா, பம்பை நிறுத்துற ரிலேல ஒரு ஒயரைக் குறுக்க போட்டு இன்டர்லாக்கைச் செயலிழக்க வச்சிடுவாங்க. காலையில யாரும் எடுக்க மாட்டாங்க. அதுக்கு என்ன வச்சிருக்க?

லூப்_டியூனர்:
பேனல்ல, இன்டர்லாக்கைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க, சாவி போட்ட பைபாஸ் சுவிட்ச், கூடவே டைமர். 30 நிமிஷத்துல தானா இன்டர்லாக் திரும்பிடும். சாவி ஷிப்ட் இன்சார்ஜ் கிட்ட, நோட்டுல கையெழுத்து. ரிலே பெட்டிக்குத் தனிப் பூட்டு.

பழைய_பிட்டர்:
30 அதிகம். பம்பு மணிக்கு 20 கன மீட்டர்னா அரை மணியில 10 கன மீட்டர் பிக்கிள் தண்ணி உள்ள போயிருக்கும். 5 நிமிஷம் வை.