நாம் ஊற்றாத துத்தநாகம்: ஏற்பி வேலையில் உலோக அயனி அனுபவங்கள்

பேட்ச் கிளாம்ப் (செல்லின் மின்னோட்டத்தை நுண்குழாயால் அளக்கும் முறை) மேசையிலிருந்து:
நரம்பு செல்களில் குளூட்டமேட்டுக்குத் திறக்கும் என்எம்டிஏ ஏற்பியில் குளூஎன்2ஏ துணையலகு (ஏற்பியைக் கட்டும் புரதங்களில் ஒன்று) இருந்தால் கரைசலை முதலில் சந்தேகப்படுங்கள். அதைத் தடுக்கச் சில பத்து நானோமோலார் துத்தநாகமே போதும். சாதாரண உப்பிலும் தண்ணீரிலும் கண்ணாடியிலும் அந்த அளவு தானாகவே இருக்கும். அதனால் "மருந்து இல்லாத" பதிவே பாதி அமுங்கியிருக்கலாம்.

சோதிக்கும் வழி எளிது. மக்னீசியம் இல்லாத கரைசல், ஏற்பியைத் திறக்கக் குளூட்டமேட், கிளைசின் தலா 100 மைக்ரோமோலார், செல் சவ்வில் −60 மில்லிவோல்ட். பிறகு உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் பொருள் ஒன்று: 10 மில்லிமோலார் டிரைசின் அல்லது 10 மைக்ரோமோலார் ஈடிடிஏ. மின்னோட்டம் நன்றாக ஏறினால், மாசாக வந்த துத்தநாகம்தான் அமுக்கி வைத்திருந்தது. குளூஎன்2பி என்ற வேறு துணையலகு மட்டும் உள்ள செல்லில் ஏற்றம் மிகக் குறைவு, அதைத் தடுக்க மைக்ரோமோலார் அளவு துத்தநாகம் வேண்டும். கரைசலில் கால்சியம் மில்லிமோலார் கணக்கில் இருக்கும்போது ஈடிடிஏ எப்படி வேலை செய்யும் என்று கேட்பார்கள். துத்தநாகத்தை அது பல லட்சம் மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும்; கையிலிருக்கும் கால்சியத்தை விட்டுவிட்டு அதைப் பற்றிக்கொள்ளும்.

எல்லாம் கலந்த பிறகே பிஹெச் 7.3-க்குக் கொண்டுவாருங்கள். புரோட்டானும் இதே ஏற்பியைத் தடுக்கும், அதனால் சிறு பிசகும் துத்தநாக விளைவு போலவே தெரியும்.

மேலே உள்ளதற்கு ஒரு மறுமொழி:
−60 மட்டும் போதாது, +40-லும் பதிவு செய்யுங்கள். மக்னீசியம் வாய்க்கால் துளைக்குள் அடைத்துக்கொள்வதால் +40-ல் தடை விலகும் (இது 1984-ல் வெளிவந்த கண்டுபிடிப்பு). நானோமோலார் துத்தநாகம் துளைக்கு வெளியே, ஏற்பிப் புரதத்தின் அமினோ முனைப் பகுதியில் ஒட்டுகிறது. எந்த மின்னழுத்தத்திலும் தடை ஒரே மாதிரி இருக்கும். செறிவைப் பத்து மைக்ரோமோலாருக்கு மேல் ஏற்றினால் அதுவும் துளைக்குள் புகும், அப்போது இரண்டும் குழம்பிவிடும்.

துத்தநாகக் குளோரைடு ஈரம் உறிஞ்சும். மூலக்கரைசலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செய்யுங்கள். பாஸ்பேட் தாங்கல் கரைசலில் வீழ்படிவாகும். டிடிடி-யை (டைதயோதிரைட்டால் என்ற ஒடுக்கி) மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அது துத்தநாகத்தையும் பிடிக்கும், ஏற்பியின் டைசல்பைடு பிணைப்பையும் உடைக்கும். இரண்டுமே மின்னோட்டத்தைக் கூட்டும், காரணம் எது என்று பிரிக்க முடியாது.

செல் ஒட்டல் சோதனை செய்பவர்களுக்கு:
இன்டெக்ரினில் (செல்லைச் சுற்றியுள்ள புரதங்களோடு ஒட்டவைக்கும் ஏற்பி) உலோகம் பிணைப்பிடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த உலோகம் மக்னீசியம்; ஒட்டும் புரதங்களில் உள்ள ஆர்ஜிடி (ஆர்ஜினின், கிளைசின், ஆஸ்பார்டேட்) வரிசையின் ஆஸ்பார்டேட் அதைத்தான் பற்றுகிறது. பக்கத்து இடத்துக் கால்சியம் ஏற்பியை அடக்கி வைக்கும். மாங்கனீசு அதை விலக்கினால் திறந்துகொள்ளும். செல்களை ஈடிடிஏ-யால் கழுவி, இந்த உலோக அயனிகள் இல்லாத ஹெப்பீஸ் தாங்கல் உப்புக் கரைசலுக்கு மாற்றிய பிறகு சோதனைத் தட்டில் மூன்று கிணறுகள் வையுங்கள்: கால்சியமும் மக்னீசியமும் தலா 1 மில்லிமோலார், மாங்கனீசு 1 மில்லிமோலார், ஈடிடிஏ 5 மில்லிமோலார். பிபிஎஸ்-லோ (பாஸ்பேட் உப்புக் கரைசல்) பைகார்பனேட் ஊடகத்திலோ மாங்கனீசைச் சேர்த்தால் கலங்கிப் படியும், செறிவு கைவிட்டுப் போகும். சீரமும் வேண்டாம், அதில் கால்சியமும் செல் ஒட்டும் புரதமான பைப்ரோனெக்டினும் இருக்கின்றன. இரத்தத்தில் மாங்கனீசு நானோமோலார் அளவில்தான் உண்டு. ஆகவே 1 மில்லிமோலாரில் கிடைக்கும் ஒட்டலை, அந்த இன்டெக்ரின் அதிகபட்சம் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கான அளவாக மட்டும் எழுதுங்கள்.