எட்னா சரிவின் நெரெல்லோ மஸ்கலேசே: இன்னும் மனதை அரிக்கும் அந்த ஒரு கணம்

(சிசிலியின் எட்னா எரிமலையில் விளையும் சிவப்பு வைன் திராட்சை இது. அதோடு பழகியவர்கள், மறக்க முடியாத ஒரு கணத்தைப் புனைபெயரில் சொல்கிறார்கள்.)

பச்சைவிதை:
அக்டோபர் 9, வடக்குச் சரிவு, பாஸ்ஸோபிஷாரோ பக்கம், 750 மீட்டர். சர்க்கரை மானியில் 22.5 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு). தோல் கறுத்துவிட்டது, சாறு தித்திப்பு, மறுநாள் மழை என்று எச்சரிக்கை வேறு. அறுத்தாகிவிட்டது. அரிப்பது அதற்கு முந்தைய நொடிதான். ஒரு பழத்தைக் கடித்து விதையைக் கையில் துப்பினால் பச்சை. அடுத்த பழத்திலும் பச்சை. பார்த்த பிறகும் கத்தரி நிற்கவில்லை. பிப்ரவரியில் அந்த வைன் ஈறுகளை இறுக்கிப் பிடித்தது, தொண்டையில் கசந்தது.

நெரெல்லோவில் சர்க்கரை முந்தும், துவர்ப்பு கனிவது பிந்தும். அதனால்தான் இது அக்டோபர் நடுவில் தொடங்கி மாதக் கடைசி வரை நிற்கிற ரகம். மானியை மட்டும் நம்பாதீர்கள். நிழல் பக்கக் குலைகளையும் சேர்த்து நூறு பழம் பறித்து விதையைப் பாருங்கள். பழுப்பாக இருக்க வேண்டும், கடித்தால் வறுத்த கடலை மாதிரி நொறுங்க வேண்டும்.

தொட்டிக்காரர்:
அண்ணே, பழியை முழுக்க விதை மேல் போடாதீர்கள். பாதிக் கசப்பு சாறு நொதிக்கும் தொட்டியில் வந்திருக்கும். அதே மாதிரிப் பழம் வந்த ஒரு தொட்டியில், எட்டாம் நாள் கீழ்க் குழாயைத் திறந்ததும் சாறுக்கு முன்னால் விதைதான் கொட்டியது, கூடை கூடையாக. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவ்வளவும் அதுவரை சாராயத்தில் ஊறிக்கொண்டிருந்த விதை.

தோலின் நிறம் தண்ணீர்ச் சாற்றிலேயே இறங்கும். விதைத் துவர்ப்புக்குச் சாராயம் வேண்டும். ஆகவே தோலையும் சாற்றையும் கலந்து கடையும் வேலையை முதல் நாலைந்து நாளிலேயே முடித்துவிடுங்கள்: ஒரு நாளைக்கு இரண்டு முறை, மென்மையாக, 25 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள். சாற்றின் அடர்த்தி 1,030க்கு (தண்ணீர் 1,000) இறங்கியதும் மேலே மிதக்கும் தோலை நனைத்தால் போதும், குத்தி அழுத்த வேண்டாம். அதற்கு முன்பே ஒருமுறை சாறு முழுவதையும் வேறு தொட்டிக்கு வடித்து, அடியில் தங்கிய விதையை வெளியே எடுத்துவிட்டு, சாற்றைத் திருப்பி ஊற்றுங்கள். பச்சை விதை உள்ள ஆண்டில் இதை இரண்டு முறை செய்யலாம். பிழியும்போது தானாக வடிந்ததைத் தனியாக வையுங்கள். அழுத்தம் ஏற ஏற நாக்கில் வைத்துப் பாருங்கள், கசப்பு தட்டிய இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் வருவது தனிப் பீப்பாய்க்கு. காம்போடு போடுகிறவர்கள் காம்பு மரமாகிப் பழுப்பாகியிருந்தால் மட்டும் போடுங்கள். பச்சைக் காம்பு இன்னொரு கசப்பு.

கண்ணாடிக் குவளை:
நிறம் பற்றி யாரும் பேசவில்லையே. ருசி பார்க்கும் மேசையில் ஒருவர் குவளையைச் சாய்த்துப் பிடித்தார். கீழே கிடந்த தாளின் எழுத்து வைன் வழியாகத் தெரிந்தது. "தண்ணீர் கலந்தீர்களா?" என்றார். ஒரு வாய் குடித்ததும் முகம் மாறியது. வெளிறிய சிவப்புக்குள்ளே அத்தனை துவர்ப்பும் புளிப்பும் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

இந்த ரகத்தின் தோலில் நிறம் குறைவு, துவர்ப்பு அதிகம். மரபணுச் சோதனையில் சாஞ்சியோவேசே என்ற இத்தாலியச் சிவப்பு ரகம் இதன் பெற்றோரில் ஒன்று என்று தெரிந்திருக்கிறது. அந்தக் குணம் அங்கிருந்தே வருகிறது என்று நினைக்கிறேன். 1968இல் வந்த எட்னா டிஓசி (இத்தாலியின் ஊர்ப்பெயர் வைன் சட்டம்) விதியில் சிவப்புக்குக் குறைந்தது 80 சதவீதம் மஸ்கலேசே வேண்டும். நெரெல்லோ கப்புச்சோ என்ற இன்னொரு சிவப்பு ரகத்தை 20 சதவீதம் வரை சேர்க்கலாம், நிறத்துக்கும் மென்மைக்கும் அதுதான் கைகொடுக்கும். நிறத்துக்காக நாள்கணக்கில் ஊறவைப்பது வீண். வருவது துவர்ப்பு மட்டுமே.

கரிமழை:
2021 பிப்ரவரி, மார்ச்சில் எட்னாவின் தென்கிழக்கு வாய் திரும்பத் திரும்ப வெடித்ததே, அந்தக் கவாத்துக் காலம். கத்தரியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சாம்பல் நறநற. மத்தியானத்துக்குள் கூர் போய்விட்டது. வெட்டிய இடம் நசுங்கியிருந்தது. நசுங்கிய வெட்டில் தண்டைக் கொல்லும் பூஞ்சை எளிதாக நுழைகிறது, அதனால்தான் அந்தச் சத்தம் இன்றும் உறுத்துகிறது.

எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் இல்லை, பொடிந்த கண்ணாடி. துணியால் துடைத்தால் இரும்பும் தேயும், இலையும் கீறும். கத்தரியைத் தண்ணீரில் அலசி எண்ணெய் விடுங்கள், கூடுதலாக ஒன்றைக் கையில் வைத்திருங்கள். இலையிலும் குலையிலும் விழுந்தால் காய்ந்திருக்கும்போதே காற்றடிக்கும் எந்திரத்தால் ஊதுங்கள். நனைந்தால் அப்பிக்கொள்ளும். குலைக்குள் தங்கிய மிச்சம் தொட்டியின் அடிக்குப் போகும், தொட்டிக்காரர் சொன்ன விதை எடுப்பில் அதுவும் வந்துவிடும். ரப்பர்ச் சக்கரப் பம்பு மட்டும் வேண்டாம், அரித்துத் தின்றுவிடும். சரிவில் வெட்டிய அடுக்கு நிலங்களின் வடிகாலையும் முதல் மழைக்கு முன் அள்ளுங்கள். அடைத்தால் தண்ணீர் கல்கட்டின் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளிவிடும்.

பதியன்:
பச்சைவிதை அண்ணனுக்கு ஒன்று. பத்து நாள் காத்திருப்பதை விட ஆகஸ்ட்டில் வேலை செய்யுங்கள். இதன் குலை பெரிது, தோளில் சிறகு (பக்கவாட்டில் பிரியும் சிறு குலை) தொங்கும், அந்தச் சிறகு பழுக்கக் கடைசி. நிறம் ஏறும்போதே அதை வெட்டிவிட்டால் குலை ஒரே சீராகப் பழுக்கும். காற்றும் புகும், அக்டோபர் மழையில் அழுகல் குறையும். 600 மீட்டர் அடுக்கையும் 900 மீட்டர் அடுக்கையும் ஒரே நாளில் அறுப்பதும் தப்பு.

எனக்குள் நிற்கிற காட்சி வேறு. கிழவன் கொடி ஒன்று, ஒட்டுப் போடாதது, தொடை பருமன். அதன் காலடியில் மண்ணைத் தோண்டினால் உள்ளே இன்னொரு தண்டு, அதற்கும் அந்தப் பக்கம் செத்துப்போன தாயின் கட்டை. கொடியே பக்கத்துக் குழிக்கு நடந்து போன மாதிரி. செத்த இடத்தை இப்படித்தான் நிரப்புவார்கள்: பக்கத்துக் கொடியில் நீளமான ஓராண்டுக் குச்சியை விட்டுவைத்து, குளிர்காலத்தில் முழங்கை ஆழக் குழியில் வளைத்துப் படுக்கவைத்து, நுனியில் இரண்டு கண் மட்டும் வெளியே தெரிய, கஷ்கொட்டை மரக் கம்போடு கட்டுவது. தாயிடமிருந்து பிரிப்பது இரண்டு மூன்று ஆண்டு கழித்து. அவசரப்பட்டு முதல் ஆண்டே வெட்டினால் வேர் போதாமல் கோடையில் காய்ந்துவிடும்.

ஆனால் இது மணற்பாங்கான எரிமலை மண்ணுக்கு மட்டும். வேரைத் தின்னும் ஃபிலாக்செரா மணலில் நடமாட முடியாது. களி ஏறிய அடுக்கில் சொந்த வேரில் பதியன் போட்டால் அது பூச்சிக்குப் போட்ட சோறு. அங்கே பூச்சி தாங்கும் வேரில் ஒட்டிய ஒட்டுச்செடிதான்.

பச்சைவிதை:
சிறகு வெட்டுவது சரி தம்பி. எல்லாக் குலையிலும் வெட்டலாமா, நிழல் பக்கம் மட்டுமா?

பதியன்:
சிறகு பெரிதாக உள்ள எல்லாவற்றிலும், அண்ணே. சின்னக் குலையைத் தொடாதீர்கள். வெட்டியதைக் கொடியடியில் போடாமல் வெளியே கொண்டுபோங்கள்.