மறுமொழி: வெள்ளச் சமவெளியா, படுகையா? மனைப்பிரிவு விதிகளுக்கான சொற்கள்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆங்கிலத்தில் ‘ஃப்ளட்பிளெயின்’ என்கிற, வெள்ளம் வந்தால் முழுகும் ஆற்றோர நிலத்துக்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேள்வியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன் என்று கடலூர் நண்பர் கேலி செய்திருக்கிறார், நியாயம்தான். வேலை என்னவென்று முதல் மடலில் சரியாகச் சொல்லவில்லை. ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் நிலத்தை மனைகளாகப் பிரிக்கும் விதிகளையும், வெள்ளம் வரும் இடங்களில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்ற விதிகளையும் ஒன்றாக வைத்து மறுஆய்வு செய்கிறது. வரைவு ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைத் தமிழாக்கி, கூட்டத்தில் வாசித்துக் காட்டி, கருத்துக் கேட்கப் போகிறார்கள். ஆகவே நமக்கு வேண்டியது காதில் விழுந்ததும் பிடிபடுகிற சொல். அகராதியில் அழகாக உட்கார்ந்திருக்கும் சொல் எனக்கு இப்போது உதவாது.

> வெள்ளச் சமவெளி பாடநூலிலேயே இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

பாடநூலில் இருக்கட்டும், குறையில்லை. ஆறு வண்டல் படித்துப் படித்துச் சமவெளியை உண்டாக்கியது என்று புவியியல் வாத்தியார் சொல்ல அது போதும். விதிக்கு அது போதாது. விதியில் அந்தச் சொல் ஒரு கோடு போட வேண்டும்: கோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு கட்டலாம், அந்தப் பக்கம் கூடாது. ‘சமவெளி’ என்றதும் மனத்தில் வருவது கண்ணுக்கெட்டிய தூரம் பரந்த வெளி. மூன்று சென்ட் வாங்கிக் கல் நட்டிருப்பவர் தன் மனையைச் சமவெளி என்று நினைக்கவே மாட்டார். அவருக்கு அது மனை. மேலும் வெள்ளம் ஏறும் நிலம் சமமாகவும் இருப்பதில்லை. கொள்ளிடக் கரையில் ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: நாதல்படுகை, முதலைமேடு திட்டு. மேடு, திட்டு, படுகை எல்லாம் பெயரிலேயே இருக்கின்றன.

என் வாக்கு ‘படுகை’க்குத்தான். காரணம் ஏட்டறிவு அல்ல. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் ஒன்பது மதகுகள் அடித்துப் போனது நினைவிருக்கும். அந்த வெள்ளம் வடிந்த பிறகு, நிவாரணப் பொருள் கொண்டுபோன நண்பர் ஒருவருடன் கொள்ளிடத்தின் கீழ்க்கோடியில் ஒரு படுகை ஊருக்குப் போயிருந்தேன். ஒரு பாட்டி தன் வீட்டு நிலைக்கதவைக் காட்டினார். கதவுக்காலில் அரிவாளால் கொத்திய நாலைந்து தழும்புகள், ஒவ்வொன்றும் ஒரு வெள்ளம். ஆண்டு கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ‘இது பெரியவன் கல்யாணத்துக்கு மொத வருஷம்’, ‘இது பசுமாடு போன வருஷம்’ என்று கணக்கு. இத்தனை முறை வந்தும் ஏன் இங்கேயே இருக்கிறீர்கள் என்று என் நண்பர் கேட்டார். எல்லோரும் கேட்கிற அதே கேள்விதான். பாட்டி சொன்னது:

‘இது தண்ணி ஏறுற எடம் தம்பி. ஓடுற எடம் அந்தாண்ட இருக்கு. ஏறுன தண்ணி தானா எறங்கிடும். ஓடுற தண்ணி வீட்டையே இழுத்துக்கிட்டுப் போயிடும். அங்க யாராச்சும் வீடு கட்டுவாங்களா?’

அன்றைக்கு இதை ஊர்ப்பேச்சு என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது வரைவில் பத்தாம் பக்கத்தைத் தமிழாக்க உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. பாட்டி சொன்னதேதான் அங்கே பொறியாளர் மொழியில் இருக்கிறது. அமெரிக்காவில் 1968-இல் அரசு வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்த பின், வெள்ளம் வரும் நிலத்தை இரண்டாகப் பிரித்து வரைபடம் போடும் பழக்கம் வேரூன்றியது. நடுவில் வெள்ளம் ஓடுவதற்கென்று விட்டாக வேண்டிய தடம் ஒன்று. அதன் இரு ஓரமும் நீர் ஏறி நின்று இறங்கும் பகுதி மற்றொன்று. நடுத்தடத்தின் அகலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது சுவையானது: ஓரங்கள் இரண்டையும் முழுக்க மண்ணடித்து மேடாக்கிவிட்டாலும் வெள்ளமட்டம் ஓரடிக்கு மேல் உயரக்கூடாது. அதற்கு நடுவில் எவ்வளவு திறந்து கிடக்க வேண்டுமோ அவ்வளவுதான் தடம். தடத்துக்குள் வெள்ளமட்டத்தை உயர்த்தும் எதையும் போடக்கூடாது. ஓரத்தில் வீடு கட்டலாம், ஆனால் தரைமட்டத்தை உயர்த்திக் கட்ட வேண்டும்.

இந்த இரண்டுக்கும் குழுமத்தில் வந்தவை: வெள்ளவழி – வெள்ள விளிம்பு, வெள்ளத்தடம் – வெள்ள ஓரம், பெருக்குப்பாதை – பெருக்கு அருகு. எதுவும் தப்பில்லை. ஆனால் ‘விளிம்பு’ என்றால் தண்ணீர் வந்தும் வராத இடம் என்று படுகிறது. அங்கே கழுத்தளவு நிற்கலாம். நான் முன்வைப்பது பாட்டியின் சொல்லை வினைத்தொகையாக்கி: ஓடுபடுகை, ஏறுபடுகை. இரண்டும் சேர்ந்தது வெள்ளப்படுகை. விதியை விளக்கவே வேண்டாம், சொல்லே விளக்கிவிடும். ஓடுபடுகையில் கட்டாதே, ஏறுபடுகையில் உயர்த்திக் கட்டு.

> படுகை என்றால் பேசின். காவிரிப் படுகை என்று எல்லா நாளேடும் எழுதுகிறது. குழப்பம் வரும்.

எதிர்ப்புகளில் வலுவானது இதுதான். நாளேடுகள் படுகையை எதற்கெல்லாமோ இழுத்துவிட்டன: டெல்டாவுக்கு, பேசினுக்கு, மணல் அள்ளும் ஆற்றின் அடிப்பரப்புக்கு. மூன்றுக்கும் ஒரே சொல். ஆனால் அரசின் நீர்வளத் துறையே இப்படி எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் அலுவலகப் பலகையில் ‘காவிரி வடிநிலக் கோட்டம்’ என்றுதான் இருக்கும். பேசினுக்கு வடிநிலம். மழை எங்கே விழுந்து எங்கே வடிகிறதோ அந்த நிலம் முழுவதும். எவ்வளவு சரியான சொல்! அதைக் கையில் வைத்துக்கொண்டு படுகையை ஏன் அங்கே கொண்டுபோய் ஒட்ட வேண்டும்? ஆற்றுக்கும் வெள்ளக்கரைக்கும் நடுவே கிடக்கும் நிலத்தைப் படுகை என்பது காவிரிக்கரை விவசாயிகளிடம் இன்றும் உயிரோடு இருக்கும் வழக்கு. வாழை, கரும்பு, மூங்கில் போட்டிருப்பார்கள். தண்ணீர் திறந்தால் முழுகும் என்று தெரிந்தே போடுவார்கள். அந்தப் பொருளைத்தான் சட்டம் தேடுகிறது. ‘வெள்ள’ என்று முன்னொட்டுச் சேர்த்துவிட்டால் நாளேட்டுக் குழப்பமும் தீரும்.

சென்னை நண்பரின் கேள்விக்கு மட்டும் என்னிடம் நல்ல விடை இல்லை. ஏரிக்கு என்ன சொல்வீர்கள் என்கிறார். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்து, அடையாறு சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் முழுக்கியது ஆற்று வெள்ளம். அங்கே படுகை பொருந்தும். ஆனால் வேளச்சேரியில் தண்ணீர் நிற்பது ஏரியும் சதுப்பும் இருந்த தாழ்வில் ஊர் ஏறியதால். அதைப் படுகை என்றால் காது ஒப்பவில்லை. வருவாய்த் துறைக் கணக்கில் ‘ஏரி உள்வாய்’ என்று பழைய சொல் ஒன்று உண்டு: கரைக்கு உட்புறம் நீர் பரவும் இடம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். கலங்கல் வழியே உபரிநீர் அடுத்த ஏரிக்குப் போகும் தடத்துக்கு ‘மறுகால்’ இருக்கிறது, திருநெல்வேலிப் பக்கம் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆறு என்றால் படுகை, ஏரி என்றால் உள்வாயும் மறுகாலும். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்ற விரதத்தை இங்கே விட்டுவிடலாம்.

அடுத்தது ‘சோனிங்’, அதாவது எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று பிரித்து வைப்பது. மண்டலம் வேண்டவே வேண்டாம். சென்னை மாநகராட்சியில் மண்டலம் 15, மின்வாரியத்தில் மண்டலம், வானிலையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். ‘வெள்ள மண்டலம்’ என்று கூட்டத்தில் வாசித்தால் மழை வரப்போகிறது என்றுதான் நினைப்பார்கள். மட்டக்களப்பு அக்கா சொன்ன ‘வலயம்’ எனக்கு மிகப் பிடித்திருக்கிறது. இலங்கையில் கல்வி வலயம் என்று நாள்தோறும் புழங்குகிறார்கள், வலயப்படுத்தல் என்று வினையும் ஆக்கலாம். ஒரே பயம், நம்மூர் அச்சகத்தில் அது ‘வளையம்’ ஆகிவிடும். அதனால் இங்குள்ள வரைவுக்கு ‘வகைப்பாடு’. மனை வாங்கப் போன எவருக்கும் நிலவகைப்பாடு தெரியும். குடியிருப்பா, விவசாயமா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கமாட்டார்கள். ‘வெள்ளப்படுகை வகைப்பாடு’ நாக்கில் நன்றாகவே உருள்கிறது. தடை என்ற பொருள் அதில் இல்லையே என்றால், வகைப்பாட்டில் விவசாயம் என்று போட்டிருக்கும் இடத்தில் வீடு கட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

‘சப்டிவிஷன்’ விஷயத்தில் நாம் எல்லோருமே சறுக்கியிருக்கிறோம், நானும்தான். முதல் மடலில் உட்பிரிவு என்று எழுதியிருந்தேன். உட்பிரிவு என்பது நில அளவைத் துறையின் சொல். புல எண் 45/2-ஐ அண்ணன் தம்பி பாகம் பிரித்து 45/2அ, 45/2ஆ என்று ஆக்கித் தனிப்பட்டா வாங்குவது. அதில் வீடு, சாலை, பூங்கா எதுவும் கிடையாது. நமக்கு வேண்டியது விற்பதற்காக மனைகளாகப் பிரிப்பது. அதற்கு ‘மனைப்பிரிவு’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2017-இல் வரன்முறை விதிகள் வந்தபோது ‘அங்கீகாரமற்ற மனைப்பிரிவு’ என்பது தேநீர்க்கடைப் பேச்சாகிவிட்டது. சிக்கல் என்னவென்றால், சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்ட விதிகளில் எட்டு மனைவரை ஒரு பெயர், எட்டுக்கு மேல் போனால் லேஅவுட் என்று வேறு பெயர். நம் வரைவிலும் அப்படியொரு வேறுபாடு இருக்கிறது. ‘சிறு மனைப்பிரிவு’, ‘பெரு மனைப்பிரிவு’ என்று போட்டால் போதாதா? நிலத்தைத் துண்டுதுண்டாக ‘சிறு’வாகவே காட்டித் திறந்தவெளி ஒதுக்காமல் தப்புகிறவர்களையும் அந்தச் சொல் காட்டிக்கொடுக்கும். (ஒதுக்கினாலும் எதை ஒதுக்குகிறார்கள்? மழைக்குத் தண்ணீர் நிற்கும் மூலையைப் பார்த்து அதுதான் பூங்கா என்பார்கள். ஒரு விதத்தில் அது சரியான வகைப்பாடுதான்!)

இனி எனக்கு மிகவும் உறுத்தும் ஒன்று: ‘நூற்றாண்டு வெள்ளம்’. யாரும் இதை எதிர்க்கவில்லை, அதனால்தான் நீட்டிச் சொல்கிறேன். 2015-இல் வந்துவிட்டது, இனி 2115-இல்தான் என்று மெய்யாகவே நம்புகிறவர்களிடம் பேசியிருக்கிறேன். படித்தவர்கள். அந்தப் பெயர்தான் அவர்களை ஏமாற்றியது. எந்த ஓர் ஆண்டிலும் அந்த மட்டத்தைத் தொட நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே பொருள். அடுத்தடுத்த ஆண்டும் வரலாம். 20 ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது வர 18 விழுக்காடு வாய்ப்பு.

இதில் இந்தியக் கதை ஒன்று. மத்திய நீர் ஆணையம் 1975-லேயே வெள்ளப்படுகை வகைப்பாட்டுக்கு மாதிரிச் சட்ட வரைவை மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர் 1978-இல் சட்டமாக்கியது, ராஜஸ்தான் 1990-இல், உத்தராகண்ட் 2012-இல். தமிழ்நாட்டில் அப்படித் தனிச்சட்டம் வரவில்லை. எதை எந்த மட்டத்துக்கு மேல் கட்டலாம் என்று ஆணையம் வகுத்த முன்னுரிமை வரிசையில் மருத்துவமனை, மின்நிலையம் போன்றவை நூறாண்டு வெள்ளமட்டத்துக்கு மேல். அரசு அலுவலகமும் குடியிருப்பும் இருபத்தைந்தாண்டு வெள்ளமட்டத்துக்கு மேல். பூங்காவும் விளையாட்டுத் திடலும் அடிக்கடி முழுகும் இடத்தில். ‘இருபத்தைந்தாண்டு வெள்ளத்துக்கும் மேலே உங்கள் வீடு’ என்று கேட்டால் நிம்மதியாக இருக்கிறது. கணக்குப் போட்டால் 20 ஆண்டில் அந்த மட்டத்தை வெள்ளம் ஒருமுறையாவது எட்ட 56 விழுக்காடு வாய்ப்பு. பாதிக்கு மேல்! ஆகவே நூற்றிலொரு வெள்ளம், இருபத்தைந்திலொரு வெள்ளம் என்று எழுதப்போகிறேன். நாவுக்குக் கொஞ்சம் நீளம். இருந்தாலும் ‘ஆண்டு’ என்ற சொல் அதில் வரக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

‘ஃப்ரீபோர்டு’ மட்டும் பாக்கி. வெள்ளமட்டத்துக்கு மேல் வீட்டுத் தரை இன்னும் எவ்வளவு உயரம் விட வேண்டும் என்பது. ‘கட்டற்ற பலகை’ என்று வேடிக்கைக்கு எழுதியவர், தயவுசெய்து அதை எங்கும் பதிவேற்றிவிடாதீர்கள், நாளைக்கே யாராவது மேற்கோள் காட்டுவார்கள். கொத்தனார்கள் பேஸ்மென்ட்டைப் ‘பேஸ்மட்டம்’ என்பார்கள். இரவல் சொல்லுக்குள் தமிழ் ‘மட்டம்’ எப்படி நுழைந்து உட்கார்ந்தது பாருங்கள். அந்த வழியிலேயே வெள்ளமட்டம், பேஸ்மட்டம், இரண்டுக்கும் நடுவில் ‘மிச்சமட்டம்’ என்று வைத்திருக்கிறேன். ‘மிச்சமட்டம் இரண்டடிக்குக் குறையக்கூடாது.’ ஒரு கொத்தனாரிடம் வாசித்துக் காட்டினேன். சொல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை; ‘ரெண்டடி பத்தாது சார்’ என்றார். சொல் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

வரைவை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். ஏறுபடுகைக்கு மாற்று இருந்தால் அதற்குள் எழுதுங்கள். மட்டக்களப்பு அக்காவுக்குத் தனியாக ஒரு கேள்வி: வாவிக்கரையில் தண்ணீர் ஏறி நிற்கும் நிலத்துக்கும் பாய்ந்தோடும் இடத்துக்கும் உங்கள் ஊரில் வேறுவேறு பேர் உண்டா? பெரியவர்கள் யாரிடமாவது கேட்டுச் சொல்லுங்கள்.