சபை வாட்ஸ்அப் குரூப்பில் ஜெபக்குறிப்பு: எதைப் போடலாம்?

கிரேஸ்மலர்:
ஸ்தோத்திரம். எங்கள் சபை ஜெப குரூப்பின் அட்மின் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சுமார் 180 பேர். நோயாளியின் பெயர், வார்டு எண், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் அப்படியே போட்டு "ஜெபியுங்கள்" என்கிறார்கள். கூடவே "நாளை மிஷனரிகளுக்கு மரண தண்டனை, உடனே பகிருங்கள்" வகைச் செய்திகளும் வருகின்றன. போடுகிறவர்கள் பெரும்பாலும் மூத்த விசுவாசிகள். மனம் நோகாமல் எப்படி ஒழுங்குபடுத்துவது?

ஜெபவீரன்:
சிஸ்டர், முதலில் குரூப் செட்டிங்கில் செய்தி அனுப்பும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். குறிப்புகளை வாங்க இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் பெண். பல நோய்களைச் சகோதரிகள் ஆண்களிடம் சொல்லமாட்டார்கள்.

நோயாளியிடமே சம்மதம் கேளுங்கள். அவர் பேசும் நிலையில் இருக்கும்போது "வீட்டார் சொன்னார்கள்" என்பது போதாது. பிறகு மூன்றே வரி: "நம் சபை சகோதரி ஒருவர்", எதற்காக ஜெபிக்க வேண்டும், எந்தத் தேதி வரை. நோயின் பெயர், மருத்துவமனை, கடன், கணவன் மனைவி பிரச்சினை வேண்டாம். மனநலச் சிகிச்சை, கருச்சிதைவு பற்றி ஒரு வரி வெளியே போனால் அது வரன் பேசும் வீடு வரைக்கும் போய்ச் சேரும். எச்.ஐ.வி. என்றால் சட்டமே குறுக்கே நிற்கிறது: நம்பிச் சொன்னதைச் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

செய்திகள் தானாக அழியும் "மறையும் செய்திகள்" வசதியை 7 நாள் என்று வைக்கலாம். ஆனால் கேலரியில் ஏற்கெனவே இறங்கிய படம் அதனால் அழியாது. ஆகவே ரிப்போர்ட் படமே வேண்டாம். புறங்கூறுகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான், உண்மையுள்ளவன் அடக்கிவைக்கிறான் என்ற நீதிமொழிகள் 11:13 குரூப்புக்கும் பொருந்தும்.

பெரேயா வாசகர்:
அந்த மிஷனரி செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் வசம் போனதும் மறுபடி கிளம்பியது. அதில் "நாளை" இருக்கும், தேதி இருக்காது. ஆட்களின் பெயரோ அனுப்பிய சபையோ இருக்காது. ஆனால் 2007இல் தென்கொரிய சபையார் 23 பேரை ஆப்கானிஸ்தானில் தாலிபான் பிடித்தது உண்மை. இருவர் கொல்லப்பட்டார்கள், 21 பேர் விடுவிக்கப்பட்டார்கள். சபை எது, ஆட்கள் யார், எப்போது நடந்தது, எல்லாமே செய்திகளில் வந்தது. உண்மையாகப் பாடுபடுகிறவர்களுக்காக ஜெபிக்கவேண்டும் என்பதால்தான் பொய்யை நிறுத்தவேண்டும்.

இரட்டை அம்புக்குறி இருந்தால் பலமுறை ஃபார்வர்டு ஆனது என்று அர்த்தம். காப்பி செய்து ஒட்டினால் குறி வராது. அதனால் குறி இல்லாததை நம்பிவிடாதீர்கள். ஒரு வரியை எடுத்து கூகுளில் தேடுங்கள்.

மூத்தவர்களிடம் மத்தேயு 18:15 முறைதான்: முதலில் தனியாக. மெசேஜ் வேண்டாம், போனில் பேசுங்கள். அவர்களே நீக்கட்டும், அனுப்பி சுமார் இரண்டரை நாளுக்குள் என்றால் "எல்லோருக்கும் நீக்கு" வேலை செய்யும். பிறகு குரூப்பில் பெயர் சொல்லாமல் திருத்தம் போடுங்கள்.

கிரேஸ்மலர்:
நன்றி பிரதர். அட்மின் மட்டும் என்றால் "ஆமென்" போடுவதும் நின்றுவிடுமே? தனியாக இருக்கும் முதியவர்களுக்கு அதுதான் ஐக்கியம்.

ஜெபவீரன்:
அது நியாயமான கவலை. இரவு 8 முதல் 9 வரை மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள், ஒரு அட்மின் கூடவே இருக்கட்டும். ஜெபத்துக்குப் பதில் கிடைத்தால் அதைச் சாட்சியாகப் போடுவதற்கும் அந்த நபரிடம் மறுபடி சம்மதம் வாங்குங்கள்.