அப்பப்பா கீறிய சிவப்புக் கோடு: டிசெம்பரில் 14 பேர் சிங்கப்பூர் போவது சரியாக வருமா?

வெள்ளவத்தைப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுமையாக வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் அப்பப்பா போன ஐப்பசியில் காலமானார். 85 வயது. பிறந்தது கோலாலம்பூரில், அவருடைய அப்பா மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். இரண்டாம் உலகச் சண்டை முடிந்து குடும்பத்தோடு யாழ்ப்பாணம் திரும்பினார்கள். அப்பப்பா கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்து வெள்ளவத்தையிலேயே ஓய்வு பெற்றார். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பேரப்பிள்ளைகளைக் குசினிக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி உயரத்தைப் பென்சிலால் கீறி, பக்கத்தில் பெயரும் வருடமும் எழுதுவார். டொரொண்டோவில் இருந்து வருகிறவர்களுக்கும் அதே கதவு நிலைதான்.

சில வருடங்களுக்கு முன் சித்தப்பாவின் மூத்தவனை ஒரு விளையாட்டுப் பூங்காவில் உயரம் போதாது என்று ஒரு சவாரிக்கு விடவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான். அன்றிரவு அப்பப்பா என்னைக் கூப்பிட்டு, சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸில் உள்ள பெரிய ரோலர் கோஸ்டருக்கு எவ்வளவு உயரம் கேட்கிறார்கள் என்று தேடிப் பார்க்கச் சொன்னார். பாட்டில்ஸ்டார் கலக்டிகாவுக்கு 125 சென்டிமீட்டர். அப்பம்மாவின் தையல் நாடாவை வாங்கி அளந்து, அதே கதவு நிலையில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டார். "கடைசிப் பேரன் இதைத் தொடுகிற வருடம் எல்லோரும் ஒன்றாகப் போகிறோம்" என்றார்.

இந்த வருடம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. ஆனால் பொங்கலன்று காலை சின்னவன், எட்டு வயது, யாரும் சொல்லாமல் போய்க் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை. அம்மா அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

எனவே போகத்தான் வேண்டும் என்று முடிவு. ஆனால் அதற்குப் பிறகு ஒன்றும் நகரவில்லை. டொரொண்டோப் பெரியப்பா அமெரிக்காவில் யூனிவர்சல் பூங்கா உள்ள ஒர்லாண்டோவுக்குப் போவோம் என்கிறார், இங்கிருந்து போகிற ஒன்பது பேருக்கும் அமெரிக்க விசா எடுப்பது எப்போது முடிகிற காரியம்? அம்மாவோ ஆண்டுத் திவசத்துக்கு முன் உல்லாசப் பயணம் என்ற பேச்சே வேண்டாம் என்கிறார். அப்பம்மாவுக்கு 79, இரண்டு முழங்காலும் சரியில்லை, "நான் வீட்டில் இருக்கிறேன், நீங்கள் போங்கோ" என்கிறார். அவர் இல்லாமல் போவதில் எனக்குத் துளியும் விருப்பமில்லை. அப்புறம் மச்சாள் ஒருத்தி அப்பப்பாவின் படம் போட்ட ஒரே நிற ரீசேட் எல்லோருக்கும் அடிப்போம் என்று வாட்ஸ்அப்பில் போட்டாள். அதை அப்பம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்பப்பா இந்தப் பயணத்துக்கென்று வங்கியில் தனியாகக் கொஞ்சம் போட்டு வைத்திருக்கிறார், 14 பேருக்குப் போதாது. பெரிய குடும்பமாகப் போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எப்போது போவது, அப்பம்மாவை எப்படிக் கூட்டிப் போவது, அங்கே அப்பப்பாவுக்காக என்ன செய்வது?

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

தங்கச்சி, வாசித்து மனம் கனத்துவிட்டது. முதலில் அம்மா சொல்வதைக் கேளுங்கள். எங்கள் வீட்டிலும் அந்தியேட்டியோடு துடக்குப் போனாலும் ஆண்டுத் திவசம் முடியும்வரை கொண்டாட்டம் எதற்கும் போகவில்லை. ஐப்பசியில் காலமானார் என்றால் திதி ஒக்டோபர் நவம்பரில் வரும். ஐயரிடம் இப்போதே திதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, டிசெம்பர் பள்ளி விடுமுறைக்குப் பயணத்தை வைத்தால் அம்மாவுக்கும் நிம்மதி, பிள்ளைகளுக்கும் பள்ளி தவறாது.

இடம் சிங்கப்பூர்தான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை, கனடாக்காரருக்கும் அப்படித்தான். ஹொங்கொங் டிஸ்னிலாண்ட் என்றாலும் டோக்கியோ என்றாலும் எங்களுக்கு விசா வேண்டும். இங்கிருந்து கிட்டத்தட்ட நாலு மணிநேரப் பறப்பு, அப்பம்மாவின் கால் அதைத் தாங்கும். எல்லாக் கடவுச்சீட்டிலும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், குழந்தைகளுடையதுதான் எப்போதும் காலை வாரும். போகிற நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கிற தளங்களில் நிரப்பாதீர்கள்.

டிசெம்பரில் அங்கே மழைக்காலம். பின்னேரங்களில் இடி மின்னல் வந்தால் வெளியில் ஓடுகிற ரோலர் கோஸ்டரை நிறுத்திவிடுவார்கள். அதனால் காலையில் வாசல் திறந்தவுடன் நேரே அந்தச் சவாரிக்குப் போங்கள், மற்றதெல்லாம் பிறகு. பூங்காவுக்கு ஒரே நாளை வைக்காமல், மழை கெடுத்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு நாளும் கையில் வைத்திருங்கள்.

இன்னொன்று. அப்பம்மா வெற்றிலை போடுகிறவரா? வெற்றிலை பாக்கோடு புகையிலையைக் கொண்டுபோய்விடாதீர்கள். வாயில் போட்டு மெல்லுகிற புகையிலை சிங்கப்பூரில் தடை. எங்கள் அம்மம்மாவின் பையில் இருந்ததைப் புறப்படும் அன்று இரவுதான் கண்டுபிடித்தோம்.

தெமட்டகொடை உம்மா எழுதியது:

எங்கள் வாப்பா மௌத்தாகி அடுத்த வருடம் நாங்கள் 11 பேர் இதே பூங்காவுக்குப் போனோம். வாப்பா ஆசைப்பட்ட பயணம், அதனால் எல்லோரும் எல்லா இடத்துக்கும் ஒன்றாகவே போக வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். பிழை செய்தேன். மதியத்துக்குள் உம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது, சின்னவர்கள் வரிசையில் நின்று அழுதார்கள், பெரியவர்களுக்குள் வாய்த்தகராறு. வாப்பாவை நினைக்கப் போன நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்பினோம்.

அதனால் என்னுடைய யோசனை இது. அந்த ஒரு சவாரிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் மட்டும் எல்லோரும் ஒன்றுகூடுங்கள். மற்ற நேரம் யார் யாருக்கு எது பிடிக்குமோ அங்கே போகட்டும். பூங்காவின் நடுவில் ஒரு வாவி இருக்கிறது, எல்லாப் பகுதிகளும் அதைச் சுற்றித்தான், தொலைந்துபோகிற பயம் இல்லை. அப்பம்மாவுக்குச் சக்கர நாற்காலி எடுங்கள், விமானத்துக்கும் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். "நடக்க முடியும்" என்று சொல்வார், எங்கள் உம்மாவும் சொன்னார். நாற்காலி ஆஸ்பத்திரியை நினைவுபடுத்துகிறது என்பதுதான் காரணம், வெளியில் சொல்லமாட்டார்கள். ஒரு பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பதமாகக் கேட்டால் சம்மதிப்பார்.

எங்களுக்கு ஒழுங்குசெய்து தந்தவர் வரிசையைத் தாண்டிப் போகிற எக்ஸ்பிரஸ் சீட்டை 11 பேர் தலைக்கும் விற்றுவிட்டார், அதில் ஐந்து பேர் ஒரு பெரிய சவாரியும் ஏறவில்லை. பிள்ளைகளுக்கும் அவர்களோடு ஏறுகிறவர்களுக்கும் மட்டும் வாங்குங்கள்.

மிக முக்கியமானது, அந்தச் சவாரி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2013இல் நிறுத்தியவர்கள் 2015இல்தான் திரும்பத் திறந்தார்கள். பராமரிப்புக்காக மூடுகிற நாட்களைப் பூங்காவின் இணையத்தளத்தில் போடுவார்கள். உங்கள் பயணமே அந்த ஒரு கோட்டில் நிற்கிறது, விமான டிக்கெட்டுக்கு முன் அதைப் பாருங்கள். சின்னவனைச் சப்பாத்து இல்லாமல் ஒருமுறை அளந்தும் விடுங்கள், வாசலில் அளப்பார்கள். அங்கே இரண்டு பாதை இருக்கிறது. ஒன்றில் உட்கார்ந்து போகலாம், மற்றதில் கால்கள் அந்தரத்தில் தொங்கும். உயரம் 42.5 மீட்டர். தளர்வாக உள்ள எந்தப் பொருளையும் ஏற்ற விடமாட்டார்கள், பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அப்பப்பாவின் கைக்கடிகாரம், படம் என்று எதையாவது பிள்ளையின் கையில் கொடுத்து ஏற்றலாம் என்று நினைத்திருந்தால் அது நடக்காது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்தப் பிள்ளை ஏற விரும்புகிறானா என்று யாராவது அவனிடம் கேட்டீர்களா? எட்டு வயது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பெரியவர்களுக்கே வயிறு கலங்கும். அப்பப்பாவுக்காக ஏறத்தான் வேண்டும் என்ற சுமை அவன் தலையில் இருக்கக் கூடாது. இப்போதே சொல்லி வையுங்கள், பயமாக இருந்தால் ஏறாமல் திரும்பலாம், அப்பப்பா ஒன்றும் நினைக்கமாட்டார் என்று.

பழைய தண்டவாளம் எழுதியது:

எல்லோரும் ரோலர் கோஸ்டரைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் கேள்வியில் இருந்த வேறொரு வரியில் நின்றுவிட்டேன். அப்பப்பாவின் தகப்பனார் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்கிறீர்கள். என் பாட்டனாரும் அப்படித்தான். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து போய் அங்கே கிளாக்கராகவும் ஸ்டேசன் மாஸ்டராகவும் இருந்தவர்கள் எத்தனை பேர்! ஊரில் "மலாயாப் பென்சன்காரர்" என்றால் தனி மதிப்பு.

அந்தப் பாதை சிங்கப்பூர் வரைக்கும் ஓடியது. 1932இல் திறந்த தன்ஜோங் பகார் நிலையத்தில் இருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30ஆம் திகதி இரவு புறப்பட்டது. மலேசியாவின் ஜொகூர் மாநிலச் சுல்தானே அதை ஓட்டிப் போனார். தண்டவாளத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள், ஆனால் அந்தத் தடத்தை 24 கிலோமீட்டர் பசுமைப் பாதையாக வைத்திருக்கிறார்கள். அதில் புக்கிட் தீமா நிலையத்தைப் பழைய மாதிரியே திருத்தி 2022இல் மக்களுக்குத் திறந்தார்கள். சின்ன நிலையம், பக்கத்தில் இரும்புப் பாலம், கிங் அல்பர்ட் பார்க் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் இறங்கினால் கிட்ட. நான் போனபோது அந்த மேடையில் அரை மணிநேரம் சும்மா நின்றேன். பாட்டனார் இந்த நிலையத்தைப் பார்த்தாரோ இல்லையோ, அவர் கணக்கு எழுதிய ரயில்வேயின் ஒரு துண்டு அது.

அப்பம்மாவை "பூங்காவுக்கு வாருங்கள்" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு இதைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். மாமனாரின் ரயில், கணவர் பிறந்த நாட்டுப் பாதை. அதோடு கட்டோங்கில் சிலோன் ரோட்டில் ஸ்ரீ செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது, எங்கள் ஆட்கள் கட்டி வளர்த்த கோயில். செண்பக மரத்தடியில் கிடைத்த பிள்ளையார் என்பார்கள். அங்கே அப்பப்பா பெயரில் மோட்ச அர்ச்சனை செய்ய முடியுமா என்று முன்கூட்டிக் கேட்டு வையுங்கள். அன்றைக்கு மரக்கறிதான் என்றால் சிராங்கூன் ரோட்டில் 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் இருக்கிறது. தமிழ் அந்த நாட்டின் அரச மொழிகளில் ஒன்று, அறிவிப்புப் பலகையிலேயே தமிழைக் காண்பார். அப்பம்மாவுக்கு அந்நியமாக இருக்காது.

ஸ்கார்பரோ மருமகன் எழுதியது:

டொரொண்டோப் பெரியப்பாவின் பக்கத்தையும் சொல்கிறேன், நானும் இங்கே அவர் நிலையில் இருப்பவன். ஒர்லாண்டோ என்று அவர் சொல்வது பிடிவாதம் என்று எடுக்காதீர்கள். தகப்பனின் செத்தவீட்டுக்கு எத்தனை நாள் நின்றாரோ தெரியாது, இப்போது எல்லோரையும் தன் பக்கத்துக்கு அழைத்து எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்று ஒரு தவிப்பு இருக்கும். அவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். தங்குமிடம் முழுக்க அவருடையது என்று விடுங்கள். திவசத்துக்கு வருகிறாரா டிசெம்பருக்கு வருகிறாரா என்றும் கேளுங்கள், இரண்டுக்கும் லீவு கிடைக்காது.

காசு விஷயத்தில், அப்பப்பா போட்டு வைத்ததை விமான டிக்கெட்டில் கரைக்காதீர்கள். விமானம் அவரவர் குடும்பம். பூங்கா நுழைவுச்சீட்டு 14ஐயும் அந்தக் காசில் வாங்குங்கள். வாசலால் உள்ளே கூட்டிப் போகிறவர் அவராக இருக்கட்டும். ரீசேட் வேண்டாம். வேர்வையில் நனைகிற உடுப்பில் கணவரின் முகத்தை 14 தடவை பார்க்க அப்பம்மாவால் முடியாது.

வெள்ளவத்தைப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வாரமாக இதையெல்லாம் வீட்டில் வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்கார்பரோ அண்ணா, நீங்கள் எழுதியதை அப்படியே பெரியப்பாவுக்கு அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. அப்புறம் நேரே அழைத்து, வீடு மாதிரி இரண்டு பெரிய தங்குமிடம் தான் பார்க்கிறேன் என்றார், திவசத்துக்கு அவர் மட்டும் தனியாக ஐந்து நாள் வருகிறாராம், டிசெம்பரில் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு நேரே. நுழைவுச்சீட்டு அப்பப்பாவின் காசில். மச்சாளிடமும் பேசிவிட்டேன், ரீசேட் இல்லை.

சின்னவனிடம் சித்தி கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உட்கார்ந்து போகிறதில் ஏறுகிறேன், கால் தொங்குகிறது வேண்டாம் என்றான். அதிலும் பயம் வந்தால் இறங்கலாம் என்று சொன்னபோது பெரிய மூச்சு விட்டானாம். தெமட்டகொடை உம்மா, நீங்கள் கேட்டிருக்காவிட்டால் எங்களில் ஒருவரும் அவனைக் கேட்டிருக்கமாட்டோம்.

அப்பம்மாவிடம் புக்கிட் தீமா நிலையத்தின் படத்தைத் தொலைபேசியில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மாமனார் கொண்டுவந்த ஒரு ரயில்வே மணிக்கூடு ஊர் வீட்டில் இருந்ததென்றும் இடம்பெயர்ந்தபோது அது போய்விட்டதென்றும் சொன்னார், நாங்கள் ஒருவரும் கேள்விப்படாத கதை. பிறகு நாற்காலியைப் பற்றிக் கேட்டேன். பூங்காவுக்குள் மட்டும் என்றார். ரோலர் கோஸ்டர் தெரிகிற மாதிரி நிழலான ஓரிடத்தில் தன்னை விட்டுவிடச் சொன்னார். புகையிலையை அக்கா சொன்னபடி இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், அதற்குத்தான் முகம் சுழித்தார்.

சவாரி மூடுகிற நாட்களைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் டிக்கெட் போடுகிறோம். தையல் நாடா அப்பம்மாவின் கைப்பையில் வருகிறது.