பிரேக் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா? ஏலகிரியில் பெடல் உள்ளே போய்விட்டது

வேளச்சேரி ஸ்விஃப்ட்:
வணக்கம். 2016 ஸ்விஃப்ட் பெட்ரோல், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள மாடல், 71,000 கி.மீ. ஓடியது. போன ஞாயிறு ஏலகிரியிலிருந்து இறங்கும்போது பாதி மலையிலேயே பெடல் மெத்தென்று உள்ளே போக ஆரம்பித்தது. அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசி நாலைந்து புலவர்களைக் கும்பிட்டுக்கொண்டேதான் இறங்கினேன். கீழே அரை மணி நேரம் நிறுத்தியதும் தானாகச் சரியாகிவிட்டது.

பானட்டைத் திறந்தால் டப்பாவில் ஆயில் டிகாஷன் நிறத்தில் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முந்தைய சர்வீஸ் பில்லிலோ பிரேக் ஆயில் மாற்றியதாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். இனி யாரையும் நம்பத் தோன்றவில்லை. இன்ஜின் ஆயில் நானே மாற்றிப் பழக்கம் உண்டு. இதையும் செய்யலாமா? உதவிக்கு மனைவி மட்டும்தான்.

ஓஎம்ஆர் ஓட்டி:
பிரேக்கில் கைப்பழக்கம் பார்க்காதீர்கள் சார். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

உப்புக்காற்று:
நான் மெக்கானிக் இல்லை. திருவான்மியூரில் இருக்கும் ரிடையர்டு வங்கிக்காரன். என் ஐ10-க்கு நானே மூன்று தடவை மாற்றியிருக்கிறேன்.

முதலில் டார்ச் எடுத்துக்கொண்டு நான்கு சக்கரத்துக்கும் உட்புறம் உள்ள நிப்பிளை, அதாவது பழைய ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகை, பாருங்கள். மேலே சின்ன ரப்பர் தொப்பி இருக்கும். அதைச் சுற்றிச் சேறு கல்லாகக் காய்ந்து கிடந்தால் அதை யாரும் தொடவே இல்லை. நிறத்தை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள், உள்ளே ரப்பர் தேய்ந்தாலும் ஆயில் கருக்கும்.

பிரேக் ஆயில் என்பது பேருக்குத்தான், அது எண்ணெயே இல்லை. திறந்து வைத்த உப்பு ஜாடி மாதிரி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. இறக்கத்தில் விடாமல் மிதித்தால் சூடேறி ஆயில் கொதிக்கும், உள்ளே ஆவி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். உங்கள் மிதியெல்லாம் அதற்கே போய்விடும். ஆறினால் ஆவி அடங்கிப் பெடல் பழையபடி நிற்கும். உங்கள் அரை மணி நேரம் அதுதான். (எந்த கியரில் இறங்கினீர்கள்? கீழ் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், அதனால் கேட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

இனி வேலை. எந்த டாட் என்று வண்டியில் உள்ள டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில் சீல் உடையாத டப்பாவாக ஒரு லிட்டர் வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கான், அது வேறு ஜாதி, கிட்டேயே வேண்டாம். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் தெளிவான டியூப் ஒன்று, சிரிஞ்ச் ஒன்று, பழைய பாட்டில் ஒன்று. சமதரையில் ஜாக்கி போடுங்கள், அடியில் ஸ்டாண்டு கட்டாயம். மழை நாளில் செய்யாதீர்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு, டப்பாவில் இருக்கும் பழையதைச் சிரிஞ்சால் உறிஞ்சிப் புதியதை ஊற்றுங்கள். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதை உங்கள் வண்டிக் கையேட்டில் பாருங்கள். பல வண்டிகளில் தூரத்தில் இருப்பதுதான் முதலில், அதாவது இடது பின்சக்கரம். டியூபை நிப்பிளில் மாட்டி, மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் புது ஆயிலுக்குள் முங்கியிருக்க வேண்டும். ‘மிதி’ என்றால் உங்கள் மனைவி பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறப்பீர்கள், பெடல் இறங்கும். நிப்பிளை மூடின பிறகுதான் ‘விடு’.

இந்த வரிசையில்தான் நான் மாட்டினேன். என் பெண் பெடலில். நிப்பிளை மூடுவதற்கு முன்னால், பக்கத்து வீட்டுக்காரர் பேச்சுக் கொடுத்ததில், அவரைப் பார்த்து “விடுங்க சார், அப்புறம் பேசலாம்” என்றேன். பெண் விட்டுவிட்டாள். டியூப் முனையும் பாட்டிலுக்கு வெளியே வந்திருந்தது, காற்று உள்ளே போயாச்சு. அந்த ஒரு சக்கரத்துக்கே இன்னொரு மணி நேரம். இப்போதெல்லாம் நாங்கள் ‘ஒன்று’, ‘இரண்டு’ என்றுதான் சொல்கிறோம்.

பெடலைத் தரை வரைக்கும் மிதிக்க விடாதீர்கள், அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பெடல் மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதானால், அதில் ரப்பர் வழக்கமாகப் போகாத இடத்துக்குப் போய்க் கிழியும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பா அளவைப் பாருங்கள். அது காலியாகி ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போனால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அம்பத்தூர் ஸ்பேனர்:
பெரியவர் சொன்னது சரி. தம்பி, பேட் (சக்கரத்தின் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) சூடேறி பிடிக்காமல் போவது வேறு, அதில் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. உங்களுக்குப் பெடலே இறங்கியிருக்கிறது, அதனால் ஆயில்தான். ஆனாலும் முன்சக்கர காலிப்பர் பின் (பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகர்வதற்கான ஆணி) இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இறுகினால் மலையே வேண்டாம், மவுண்ட் ரோட்டிலேயே ஆயில் கொதிக்கும்.

நிப்பிளுக்கு முதல் நாள் ராத்திரியே டபிள்யூடி 40 அடித்து வையுங்கள். ஆறு முனை சாக்கெட்தான் போட வேண்டும். முதலில் துளி இறுக்கி, அப்புறம் தளர்த்துங்கள். அசையவில்லையென்றால் விட்டுவிடுங்கள். உடைந்தால் வீல் சிலிண்டரே மாற்ற வேண்டிவரும்.

வேளச்சேரி ஸ்விஃப்ட்:
நான்கு நிப்பிளிலும் சேறு, அப்படியே. பில்லையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு போனேன், காசைத் திருப்பித் தந்தார்கள், வாயே திறக்கவில்லை.

இன்று காலை முடித்தோம். கியர் கேட்டீர்களே, மூன்றாவது. இரண்டு இடத்தில் நியூட்ரல். திட்டிக்கொள்ளுங்கள். காலிப்பர் பின் இரண்டும் சுலபமாக நகர்கிறது. இடது பின்சக்கர நிப்பிள் அசையவில்லை, அம்பத்தூர் அண்ணா சொன்ன மாதிரி அதைத் தொடாமல் மற்ற மூன்றை மட்டும் செய்தேன். முதலில் வந்தது காபி, கடைசியில் தேன் நிறம். பெடல் இப்போது மேலேயே கெட்டியாக நிற்கிறது. அந்த ஒரு சக்கரத்துக்கு நாளை மெக்கானிக்கிடம் போகிறேன், மனைவியும் வருகிறாள். ‘இரண்டு’ சொல்வதற்கு முன்னால் அவர் காலை எடுக்கிறாரா என்று பார்க்க வேண்டுமாம்.

உப்புக்காற்று:
வாங்கிய டப்பாவில் மீந்த ஆயிலை அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் சீல் உடைந்த டப்பா சீக்கிரம் வீணாகும். பழையதைச் சாக்கடையில் ஊற்றாமல் மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள்.